வீட்டில் நின்று பார்க்க ஆள் வைக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

கேள்வி, 2 மார்ச் 2025

அப்பா கொக்குவிலில் தனிய இருக்கிறார். வயது 79. நடப்பார், ஆனால் தடுமாற்றம். பிறசருக்கும் சலரோகத்துக்கும் குளிசை எடுக்கிறார். பிள்ளைகள் மூன்று பேரும் வெளிநாட்டில். வீட்டோடு நின்று பார்க்க ஆள் அனுப்புகிற மூன்று இடங்களில் கேட்டோம். மூன்று பேரும் "பயிற்சி எடுத்த ஆள்தான் தருவோம், பயப்படாதேங்கோ" என்று ஒரே மாதிரிச் சொல்கிறார்கள். காசு மட்டும் ஆளுக்கு ஆள் வித்தியாசம். நல்ல சேவை, பாதுகாப்பான சேவை என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? யாழ்ப்பாணத்தில் ஆள் வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

3 மார்ச் 2025

நான் உரும்பிராய். அம்மாவுக்கு 82 வயது. நான்கு வருடத்துக்கு முதல் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் வழங்காமல் போனது. சலரோகம் அதற்கும் இருபது வருடம் முந்தியது. காலையும் பின்னேரமும் இன்சுலின். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ஏழேகாலுக்கு வெளிக்கிட்டால் திரும்பி வர இரண்டரை, மூன்று ஆகும். ஆள் வைக்காமல் சரிவராது. நான்கு பேர் வந்து போய், ஐந்தாவதாக வந்த பிள்ளை இப்போது ஒன்றரை வருடமாக நிற்கிறாள்.

முதலாவதாக வந்தவளைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். ஆள் அனுப்புகிற ஓர் இடத்தால் வந்தவள். மடிப்புக் குலையாத சீருடை, பிளாஸ்ரிக் உறை போட்ட சான்றிதழ், பணிவான கதை. எங்கள் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. வந்து அரை மணித்தியாலத்தில் அம்மாவுக்குப் பம்பர்ஸ் மாற்றினாள், சுத்தமாகத்தான் மாற்றினாள். மாற்றிய கையோடு மேசையில் இருந்த குளிசைப் பெட்டியைத் திறந்து, இரண்டு குளிசையை எடுத்து அம்மாவின் வாயில் வைத்தாள். இடையில் கை கழுவவில்லை. தண்ணீர்க் குழாய் நான்கடி தள்ளித்தான் இருந்தது. கழுவ வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு சான்றிதழைப் பார்க்கிறதை விட்டுவிட்டேன். வருகிறவரைச் செய்து காட்டச் சொல்வேன். நானே கட்டிலில் படுத்துக்கொண்டு, "எனக்கு வலப்பக்கம் வழங்காது, கதிரைக்கு மாத்துங்கோ" என்பேன். ஒருவர் என் வலது கையைப் பிடித்து இழுத்தார். பாரிசவாதம் வந்த கையை அப்படி இழுத்தால் தோள்மூட்டு இறங்கிவிடும். தெரிந்தவர் கதிரையை நல்ல பக்கத்தில், கட்டிலோடு ஒட்டிப் போடுவார். காலைத் தரையில் ஊன்ற வைப்பார். தன் முழங்காலால் வழங்காத முழங்காலுக்கு முட்டுக் கொடுப்பார். இடுப்பில் பிடித்துத்தான் தூக்குவார். எங்கள் வீட்டில் பழைய சாறத்தை மடித்து இடுப்பில் கட்டி அதைப் பிடிக்கிறோம்.

அடுத்தது, "சீனி இறங்கினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். வியர்ப்பது, கை நடுங்குவது, ஒழுங்கில்லாமல் கதைப்பது, இதில் எதையாவது சொல்ல வேண்டும். குத்திப் பார்த்து 70க்குக் கீழ் என்றால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் திரும்பக் குத்திப் பார்க்க வேண்டும். நினைவு இல்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை நான்கு பேரில் ஒருத்தர்தான் சொன்னார்.

ஆளை அனுப்புகிறவர்களிடமும் கேளுங்கள். நாளைக்கு இவருக்குக் காய்ச்சல் என்றால் யார் வருவார்? இரவு இரண்டு மணிக்கு எந்த நம்பருக்கு எடுப்பது? மாதம் ஒருமுறையாவது யாராவது வந்து பார்ப்பார்களா? நான் கேட்ட ஓர் இடத்தில், "ஆளை விட்டாப் பிறகு வீட்டுக்காரர்தான் பொறுப்பு" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். நான் அதோடு எழும்பி வந்துவிட்டேன்.

கமரா ஒன்றும் பூட்டுங்கள். நீங்கள் வெளியில் இருக்கிறபடியால் அது கட்டாயம்.

4 மார்ச் 2025

நேற்று எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். சான்றிதழைப் பார்க்கிறதை விட்டுவிட்டேன் என்று எழுதினேன். அதை வாசித்து யாராவது பத்திரமே வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது.

பத்திரத்தில் வகை இருக்கிறது. மூன்று நாள் வகுப்புக்குப் போய் இருந்ததற்குக் கொடுக்கிற பத்திரமும் பார்வைக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமை என்றால் செய்து காட்டித்தான் எடுக்க வேண்டும். அதில் ஏழு மட்டம் உண்டு. "மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு" என்கிற அரச நிறுவனத்தின் கீழ் வருகிற ஏற்பாடு அது. ஆகவே "சேர்ட்டிபிக்கற் இருக்கா?" என்று கேட்பதை விட, "யார் தந்தது, எத்தனை நாள் படித்தீர்கள், ஆஸ்பத்திரியிலோ முதியோர் இல்லத்திலோ நின்று பழகினீர்களா?" என்று கேட்க வேண்டும்.

விதானையாரிடம் எடுத்த நற்சான்றிதழும் பொலிஸ் அறிக்கையும் தனிக் கதை. அது ஆளைப் பற்றியது, வேலையைப் பற்றியது அல்ல. இரண்டும் வேண்டும். முன்பு நின்ற வீட்டுக்காரர் ஒருவரோடு போனில் கதைத்தால் இன்னும் நல்லது.

9 மார்ச் 2025

இன்சுலினைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். வீட்டில் நிற்கிறவர் ஊசி போடலாமா என்று. எங்கள் வீட்டில் நடக்க இருந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் உறவுக்காரர் ஒருவர் திருச்சிப் பக்கம் கோயில்களுக்குப் போய்விட்டு, சென்னையில் ஏறிப் பலாலியில் வந்து இறங்கினார். "அங்கை மலிவு" என்று அம்மாவுக்கு இன்சுலின் சிறிஞ்ச் ஒரு பெட்டி கொண்டுவந்தார். நல்ல மனதோடுதான் கொண்டுவந்தார். நானும் வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டேன். வீட்டில் இருந்தது முடிந்த அன்று காலை, பள்ளிக்கூட அவசரத்தில் அந்தப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். மருந்தைக் கையில் உருட்டிக் கலக்கி, ஊசியைப் பிரித்த பிள்ளை அப்படியே நின்றுவிட்டாள்.

"ரீச்சர், இந்த ஊசியின்ரை மூடி சிவப்பு. எங்கடை செம்மஞ்சள் எல்லோ?"

நான் சப்பாத்து மாட்டிக்கொண்டு, "எல்லாம் ஒண்டுதான் பிள்ளை, போடுங்கோ" என்று சொன்னேன். அவள் போடவில்லை. பழைய ஊசி ஒன்றைக் குப்பைப் போத்தலுக்குள் இருந்து பார்த்து எடுத்து, இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். கோடுகள் வேறு. அப்போதுதான் நான் கண்ணாடி போட்டு வாசித்தேன். ஒன்றில் 100 என்று இருந்தது, மற்றதில் 40.

இந்தியாவில் ஒரு மில்லிலீற்றரில் 40 யூனிற் இருக்கிற இன்சுலின் இன்னும் பரவலாகப் பாவிக்கிறார்கள். அதற்கான ஊசிக்குச் சிவப்பு மூடி. எங்கள் வீட்டு மருந்து மில்லிலீற்றருக்கு 100 யூனிற். அம்மாவுக்குக் காலையில் 16. சிவப்பு மூடி ஊசியில் 16 என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே வருவது 0.4 மில்லிலீற்றர். எங்கள் மருந்தில் அது 40 யூனிற். போட்டுவிட்டு நான் பள்ளிக்கூடம் போயிருப்பேன். பத்து மணி போல் அம்மா நினைவில்லாமல் கிடந்திருப்பா.

அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பெட்டியை அப்படியே கொண்டுபோய் பாமசியில் கொடுத்து அழிக்கச் சொன்னேன்.

எனவே, வீட்டில் நிற்கிறவர் ஊசி போடலாமா என்ற கேள்விக்கு, கிளினிக்கில் நேர்ஸ் முன்னால் நின்று பழகி, அவர் சரி என்று சொன்னவர் போடலாம் என்பதுதான் என் பதில். அதற்கு மேல், சந்தேகம் வந்தால் நிறுத்துகிற ஆளாக இருக்க வேண்டும். நிறுத்தினால் திட்டாத வீட்டுக்காரரும் வேண்டும். "எல்லாம் ஒண்டுதான், போடுங்கோ" என்று சொன்னது நான்.

10 மார்ச் 2025

மூடி நிறத்தை மட்டும் நம்பலாமா என்று கேட்டவருக்கு: நம்ப வேண்டாம். ஊசியில் எழுதியிருக்கிற இலக்கமும் மருந்துப் போத்தலில் எழுதியிருக்கிற இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள்.

இன்னொன்று. திறக்காத இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில், 2 முதல் 8 பாகைக்குள். உறையும் தட்டில் வைத்தால் பழுது. திறந்த நாளைப் போத்தலில் பேனையால் எழுதுங்கள். எங்கள் மருந்துக்குத் திறந்து நான்கு கிழமை என்று பாமசியில் சொன்னார்கள். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் நின்ற காலத்தில் ஈர மணல் போட்ட மண்சட்டிக்குள் சின்னச் சட்டி வைத்து அதற்குள் வைத்திருந்தோம்.

22 மார்ச் 2025

படுக்கைப்புண். இதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் நான் எழுதாமல் விடமாட்டேன். மூன்றாவதாக நின்றவரின் காலத்தில் அம்மாவுக்கு நாரியின் கீழ் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் வந்தது. ஆற மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் மருந்து கட்டும்போது அம்மா சத்தம் போடாமல் என் கையை மட்டும் இறுக்கிப் பிடிப்பா.

கிடையாகக் கிடக்கிறவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, எப்போது பயப்பட வேண்டும் என்பது. புத்தகத்தில் "தோல் சிவக்கும்" என்று இருக்கும். எங்கள் தோலில் சிவப்பு எங்கே தெரியும்? கொஞ்சம் கறுக்கும், ஊதா மாதிரித் தெரியும், சிலவேளை ஒன்றும் தெரியாது. புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்துத் தோலை விடச் சூடாகவோ இறுக்கமாகவோ இருந்தால் அந்தப் பக்கம் திரும்பப் படுக்க விடக்கூடாது. குதிக்கால், இடுப்பு எலும்பு, நாரியின் கீழ், பின்தலை. இவ்வளவையும் ஒவ்வொரு நாளும் குளிப்பாட்டும்போது பார்க்க வேண்டும்.

அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது. எங்கள் ஆட்கள் கேட்கவே மாட்டார்கள், பார்க்க வருகிற பெரியம்மாமார் எல்லாரும் "நல்லாத் தேய்ச்சு விடு" என்பார்கள். கீழே இருக்கிற தசை ஏற்கெனவே இரத்தம் இல்லாமல் நொந்துபோய் இருக்கிறது, தேய்த்தால் இன்னும் கிழியும். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையமும் வேண்டாம், அது சுற்றிவர அழுத்தும். குதிக்காலுக்குக் கீழே அல்ல, கெண்டைக்காலுக்குக் கீழே தலகணி வைத்துக் குதியைத் தூக்கி விடுங்கள். முழுக்கச் சரிக்காமல் முதுகுக்குத் தலகணி கொடுத்துப் பாதி சரித்தால் போதும்.

அந்த நேரத்தில்தான் கொப்பி தொடங்கினேன். 80 பக்கக் கொப்பி, கட்டில் காலில் நூல் கட்டித் தொங்கும், பேனையும் அதோடு. எத்தனை மணிக்குத் திருப்பினது, எந்தப் பக்கம், சீனி எவ்வளவு, என்ன சாப்பிட்டா, எத்தனை தரம் சலம் போனது, குளிசை கொடுத்த நேரம். நான் வந்து ஒவ்வொரு நாளும் வாசித்துக் கீழே கையெழுத்து வைப்பேன்.

6 ஏப்ரல் 2025

"இதற்கெல்லாம் அரசாங்கம் ஒரு ஆளை அனுப்பிப் பார்க்காதா?" என்று கேட்டவருக்கு.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தேசிய முதியோர் சபை, தேசிய முதியோர் செயலகம் எல்லாம் அதனால் வந்தவை. பிள்ளைகள் பார்க்காவிட்டால் பெற்றோர் பராமரிப்புக் கேட்டுப் போக ஒரு சபையும் உண்டு. முதியோரைத் தங்க வைத்துப் பார்க்கிற இல்லங்கள் பதிய வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். ஆனால் எங்கள் வீட்டு அறைக்குள் நடக்கிறதை இந்த ஒன்றரை வருடத்தில் வெளியாள் ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

மச்சாள் இலண்டனில் இதே வேலை செய்கிறா, வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்க்கிற வேலை. அங்கே வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களைப் பராமரிப்புத் தர ஆணையம் என்று ஒன்று வந்து சோதிக்கிறது. பாதுகாப்பானதா, பலன் தருகிறதா, அன்பாகப் பார்க்கிறார்களா, ஆளின் தேவையை விளங்கி நடக்கிறார்களா, நிர்வாகம் ஒழுங்கா என்று ஐந்து கேள்வி. நான்கு தரம். முடிவு எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் கிடக்கும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு 2015இல் இருந்து ஓர் அடிப்படைச் சான்றிதழ், தொடங்கினபோது அதில் பதினைந்து பாடம்.

நான் மச்சாளிடம் பெருமூச்சு விட்டுச் சொன்னேன், உங்களுக்கு எல்லாம் ஒழுங்கு என்று. அவ சொன்னது: "ஒழுங்குதான் மச்சாள். ஆனா ஒரு வீட்டில கால் மணித்தியாலம் எண்டு எழுதிக் கிடக்கும். அந்தக் கிழவி என்னோடை கதைக்க வாயைத் திறக்கேக்க நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிப்பன்."

அங்கே இருப்பதில் ஒன்றை மட்டும் இங்கே யாரும் நாளைக்கே செய்யலாம். குளிசை கொடுத்ததும் அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே எழுதிக் கையெழுத்து வைக்கிற தாள். இரவு நினைத்துப் பார்த்து எழுதுவது கூடாதாம். நானும் அதை எடுத்துக்கொண்டேன். கொப்பியில் இப்போது குளிசைக்குத் தனிப் பக்கம்.

19 ஏப்ரல் 2025

வருடப்பிறப்புக்குப் பிள்ளை முல்லைத்தீவுக்குப் போய்விட்டாள். ஐந்து இரவு நான் தனிய. வருடத்தில் ஒருமுறை இப்படி நின்று பாருங்கள் என்று ஆள் வைத்திருக்கிற எல்லாருக்கும் சொல்வேன்.

முதல் இரவு 10, 12, 2, 4 என்று மணி அடிக்க வைத்து எழும்பினேன். அம்மாவைத் திருப்பி, தலகணி வைத்து, சலம் பார்த்து, எழுதி, திரும்பப் படுக்க இருபது நிமிடம். இரண்டாம் இரவும் எழும்பினேன். மூன்றாம் இரவு 12க்கு எழும்பினது நினைவிருக்கிறது, பிறகு கோயில் மணி கேட்டுத்தான் கண் முழித்தேன். கொப்பியில் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடம் வெறுமையாக இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பேனையை எடுத்து "2.00 இடப்பக்கம்" என்று எழுதப் போனேன். என் வீட்டில், என் அம்மாவுக்கு, ஒருவரும் கேள்வி கேட்காத கொப்பியில்.

எழுதவில்லை. ஆனால் கை போனது.

ஒரு வருடமாக அந்தப் பிள்ளை பகலும் பார்த்து இரவும் எழும்புகிறாள் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். கணக்குப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இப்போது மாற்றிவிட்டோம். இரவு 10க்கும் 12க்கும் நான். பின்னேரம் மூன்றில் இருந்து ஐந்து வரை அவள் படுக்க வேண்டும், அம்மா கூப்பிட்டாலும் நான்தான் போவேன். ஞாயிறு முழு நாள் விடுமுறை. அவளுக்கு ஓர் அறையும் அந்த அறைக்குள்ளிருந்து பூட்டத் தாழ்ப்பாளும் முதலே கொடுத்திருந்தோம். முன்பு நின்ற வீட்டில் குசினிக்குள் பாய் போட்டுப் படுத்தவள், கதவே இல்லையாம். கேள்வி கேட்டவர் தன் அப்பா வீட்டில் வருகிறவருக்கு எங்கே படுக்கை என்று எழுதவில்லை. அதையும் யோசியுங்கள். அப்பா தனி ஆண், வருகிறவர் பெண் என்றால் இன்னும் யோசியுங்கள். தடுமாறி நடக்கிறவருக்கு ஆண் ஒருவரைத் தேடுவது எனக்கு நல்லதாகப் படுகிறது.

11 மே 2025

இதை எழுதவா விடவா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நேற்றுச் சனிக்கிழமை, அம்மாவைக் குளிப்பாட்ட நானும் நின்றேன். வலது இடுப்பில் உள்ளங்கை அளவுக்குக் கண்டல். ஓரம் மஞ்சளாகத் தொடங்கிவிட்டது, அதாவது இன்று நேற்று வந்தது அல்ல. நான் பிள்ளையைப் பார்த்தேன். அவள் கையில் இருந்த பேணியைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கினாள்.

"புதன்கிழமை ரீச்சர். கொமட் கதிரையில இருந்து எழுப்பேக்க கதிரை பின்னாலை போட்டுது. அம்மா இருந்தபடி கீழை போட்டா. நான் பிடிச்சனான், பிடி காணேல்லை. தலை அடிபடேல்லை ரீச்சர், சத்தியமா அடிபடேல்லை."

கொப்பியில் புதன்கிழமைப் பக்கத்தில் அது இல்லை. அன்றைய சீனி, சாப்பாடு, சலம் எல்லாம் இருக்கிறது. விழுந்தது மட்டும் இல்லை.

உடனே ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு உடையவில்லை. அம்மா பாரிசவாதத்துக்குப் பிறகு இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரின் எடுக்கிறா, அதனால்தான் கண்டல் அவ்வளவு பெரிது. தலை அடிபட்டிருந்தால் அன்றைக்கே கொண்டுபோயிருக்க வேண்டும், மூன்று நாள் விட்டிருக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, எல்லாரும் படுத்த பிறகு, கொப்பியைப் பின்னுக்குப் பின்னுக்குப் புரட்டினேன். ஏப்ரல் 24. அவளுடைய எழுத்து: "கொமட் கதிரை பிரேக் ஒண்டு பிடிக்குதில்லை." அதற்குக் கீழே என் கையெழுத்து. வாசித்துத்தான் கையெழுத்து வைத்தேன். "பிறகு பாப்பம்" என்று வாயாலும் சொன்னேன். பதின்மூன்று நாள் பார்க்கவில்லை.

ஏன் ஒளித்தாய் என்று காலையில் கேட்டேன். பல தரம் கேட்ட பிறகு சொன்னாள். மார்ச்சில் ஒருநாள் அம்மாவின் சீனி 300ஐத் தாண்டியது. ரொறன்ரோவில் இருந்து அண்ணை எடுத்தவர், போன் ஸ்பீக்கரில் கிடந்தது. "என்ன பாக்கிறாள் அவள்? இனி ஒண்டு நடந்தால் ஆளை மாத்து" என்று கத்தினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் குசினி வாசலில் தேத்தண்ணியோடு நின்றாளாம்.

அந்த 300 அவள் எழுதிய 300. அவள் எழுதினதால்தான் எங்களுக்கே தெரியும்.

12 மே 2025

மார்ச் 3இல் கமரா கட்டாயம் என்று எழுதினேன். அதை எடுத்துவிடுங்கள், அல்லது நான் சொன்னதாக வைக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் அறைக்குள் ஒன்று பூட்டியிருந்தோம், அண்ணைக்காக. அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டா: "என்ரை உடுப்பு மாத்தேக்க கனடாவில ஆர் ஆர் பாக்கினம்?" அடுத்த நாள் அறையில் இருந்து கழற்றி விறாந்தையில் பூட்டினோம். புதன்கிழமை நடந்தது குளியலறைக்குள். அங்கே ஒருவரும் கமரா வைக்கப் போவதில்லை, வைக்கவும் கூடாது. வயதானவர்கள் விழுகிற இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே நடந்ததை அந்தப் பிள்ளை வந்து சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.

அண்ணையோடு நேற்றிரவு நீளமாகக் கதைத்தேன். முதலில் கோபப்பட்டார். பிரேக் கதையையும் என் கையெழுத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளையிட்டைப் போனைக் குடு" என்றார். என்ன கதைத்தார் என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணை புதுக் கதிரை வாங்கச் சொன்னவர்" என்றாள்.

2 ஜூன் 2025

குளியலறையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, நாங்கள் செய்தது. புதுக் கொமட் கதிரை, நான்கு சில்லுக்கும் பிரேக். சுவரில் துருப்பிடிக்காத கம்பி இரண்டு, சீமெந்துச் சுவரில் துளை போட்டு இறுக்கினது. காற்றை இழுத்து ஒட்டுகிற பிடி வாங்காதீர்கள், பாரம் போட்டால் கழன்று கையோடு வரும். பழைய பளபள மாபிளுக்கு மேல் சொரசொரப்பான றப்பர் விரிப்பு. கதவு உள்ளே திறப்பதை வெளியே திறப்பதாக மாற்றினோம், உள்ளே விழுந்து கிடந்தால் கதவைத் தள்ள முடியாது. தச்சர் ஒரு நாளில் முடித்தார்.

சுவரில் ஒரு தாளும் ஒட்டியிருக்கிறோம். முதல் வரி 1990 என்ற போன் நம்பர். நோயாளர் காவு வண்டி, காசு இல்லை. 2018 யூலையில் வடக்குக்கு வந்தது. அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்த அன்று அதில்தான் கொண்டுபோனோம். நான் அன்றைக்குப் பதற்றத்தில் எங்கள் ஒழுங்கையின் பெயரையே சரியாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு இலக்கம் இருந்தும் படலையில் இல்லை. ஆகவே இப்போது தாளில் எந்தக் கோயிலடியால் திரும்ப வேண்டும், எத்தனையாவது படலை, என்ன நிறம் என்று வசனமாக எழுதியிருக்கிறது, போனில் அப்படியே வாசிக்கலாம். கீழே குளிசைப் பட்டியல். அதற்கும் கீழே: வாய் கோணினால், கை விழுந்தால், கதை தடுமாறினால் உடனே மணியைப் பார்த்து எழுது. கட்டியைக் கரைக்கிற ஊசி போடுவதென்றால் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், டொக்டர் முதலில் கேட்பதே கடைசியாக எப்போது சுகமாக இருந்தா என்பதைத்தான்.

28 ஜூன் 2025

கேள்வி கேட்டவர் ஆள் கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். ஆண், 45 வயது, முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தவர், படுக்கத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். சந்தோசம். அப்பாவுக்குக் கொப்பியும் வாங்கிக் கொடுங்கள். அப்பா எழுதக்கூடியவர் என்றால் அவரும் ஒரு வரி எழுதட்டும். அம்மா இடக்கையால் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதுகிறா. போன கிழமை எழுதினது "சொதி உப்பு".

எங்கள் வீட்டில் இப்போது கொப்பியில் கடைசியாக ஒரு பக்கம் தனியாக விட்டிருக்கிறோம். பிழைத்தது, பிழைக்கப் பார்த்தது, உடைந்தது எல்லாம் அதில். நானும் எழுத வேண்டும் என்பது பேச்சு. முதல் வரி என்னுடையது, சிவப்பு மூடி ஊசியைப் பற்றி. ஒரு மாதம் அவள் பக்கத்தில் ஒன்றும் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இன்று காலை பார்த்தேன். நீல மையில், சரிந்த எழுத்தில்:

"இரவு 2 மணிக்கு எழும்பேல்லை. நித்திரையாப் போனன். 4.10க்குத் திருப்பினன். இடுப்பு, குதி தொட்டுப் பாத்தன். சூடு இல்லை."

கீழே கையெழுத்து வைத்தேன். இன்று இரவு 2 மணி என்னுடையது என்றும் எழுதிவிட்டு வந்தேன்.